செத்தும் கொடுக்கும் கை

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இரார். கீழக்கரை வள்ளல் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் மறைந்த செய்தி தெரியாமல் அவரை நாடி வந்த படிக்காசுப் புலவர், அடக்கத்தலத்தில் நின்று மனம் கசிந்து பாட, மண்ணுக்குள்ளிருந்து மோதிரம் அணிந்த கையொன்று வெளிப்பட்டதென்று கதை சொல்வார்கள். அதை அப்படியே நம்புவோரும் உளர்; புன்னகையோடு கேட்டுவிட்டுப் போவோரும் உளர். அந்த வாதத்தில் நாம் இறங்கப் போவதில்லை. நமக்கு வேண்டுவது வேறொரு கேள்வி: இறந்தவர் கொடுப்பதென்றால் யாருடைய கையால் கொடுப்பார்?

கதை தராத விடையை வரலாறு தருகிறது. சீதக்காதியின் ஆதரவில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தைப் பாடத் தொடங்கினார். நூல் முடியுமுன்னரே வள்ளல் மறைந்தார். புலவர் ஆதரவற்று நின்ற வேளையில் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து அப்பணியைத் தாங்கினார். உமறுப் புலவரும் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை முழுமையாகப் பாடி முடிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவைப் பாடினார். மண்ணிலிருந்து நீண்ட கை எதுவென்று கேட்டால், அது அபுல் காசிம் மரைக்காயரின் கையே என்போம். வள்ளலைப் புகழ்ந்து அவர் மாளிகை எழுப்பவில்லை. வள்ளல் முடிக்காமல் விட்ட செலவைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்.

இக்கேள்வியை இப்போது எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மனித உரிமைக்காகப் பாடுபட்டு மறைந்தவர்களின் பெயரால் மானிய நிதி ஏற்படுத்தும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. நம் சமுதாயத்திலும் நினைவு நிதி புதிதன்று. நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் நினைவாக 1965இல் இந்நாட்டில் தொடங்கப்பெற்ற உபகாரச் சம்பள நிதி வாரியம் இன்றளவும் மாணவர்க்கு உதவி வருகிறது. ஆனால் கல்விக்கு உதவும் நிதியை எல்லோரும் வாழ்த்துவர். உரிமைக்காக வாதாடியவரின் பெயரால் நிதி என்றால், வாழ்த்துவோரைப் போலவே முகம் சுளிப்போரும் இருப்பர். அவர் உயிரோடிருந்தபோது அவரை விரும்பாதவர்கள், அவர் இறந்ததனால் மட்டும் மனம் மாறிவிடுவதில்லை. அப்படிப்பட்டவரை எவ்வாறு கண்ணியப்படுத்துவது என்பதே நம் முன் உள்ள வினா.

பெயர் மட்டும் போதுமா?

நாம் நாள்தோறும் நடமாடும் ஃபேரர் பார்க் வட்டாரமே இதற்கு ஒரு பாடம். ரோலண்ட் ஜான் ஃபேரர் என்பவர் 1919 முதல் 1931 வரை சிங்கப்பூர் நகராண்மைக் கழகத்தின் தலைவராக இருந்த ஆங்கிலேய அதிகாரி. அவர் பெயர் முதலில் திடலுக்கு வந்தது. 2003ஆம் ஆண்டு முதல் பெருவிரைவு ரயில் நிலையமும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்நிலையத்தில் இறங்கும் ஆயிரக்கணக்கானோரில் ஃபேரர் யார், என்ன செய்தார் என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? பெயர் எல்லார் வாயிலும் இருக்கிறது. மனிதரோ எவர் நினைவிலும் இல்லை.

அங்கிருந்து சில எட்டு வைத்தால் சிராங்கூன் சாலையில் அங்குலியா பள்ளிவாசல். குஜராத்திலிருந்து இங்கு வணிகம் செய்ய வந்த அங்குலியா குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அளித்த நிலம் அது. இன்றைய கட்டடம் 1970இல் புதிதாக எழுந்தது. அக்குடும்பத்தின் வரலாறு தெரியாதவரும் அங்கே ஒளுச் செய்கிறார், தொழுகிறார், வெயிலுக்கு ஒதுங்குகிறார். இங்கே பெயரோடு பயனும் நிலைத்திருக்கிறது.

இன்னும் சற்று நடந்தால் பீட்டி ரோட்டில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். 1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்ட பின்னும் அப்பெயர் மறையாமல், பிள்ளைகள் தமிழ் பயிலும் இடமாகத் தொடர்கிறது. தமிழுக்கு உழைத்த புலவரின் பெயரால் தமிழே கற்பிக்கப்படுகிறது. பெயரும் பயனும் மட்டுமல்லாமல், அவர் செய்த பணியும் இங்கே நிலைத்திருக்கிறது.

நடந்தே சென்று பார்த்துவிடக்கூடிய இம்மூன்று இடங்களும் நினைவின் மூன்று படிகள். உரிமைக்காகப் பாடுபட்டவரின் நினைவு மூன்றாம் படியில் நிற்க வேண்டியது. முதற்படியில் நின்றுவிட்டால் அது அவருக்குச் செய்த மரியாதையாகாது. இரண்டாம் படியில் நின்றாலும் குறைதான். ஏனெனில் அவர் விட்டுச் சென்றது நிலமோ பொருளோ அன்று. முடியாத வழக்கொன்றையே விட்டுச் சென்றார்.

நீலன் திருச்செல்வம்

இலங்கைத் தமிழரான நீலன் திருச்செல்வம் 1944 ஜனவரி 31ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மு. திருச்செல்வம் பேர்பெற்ற வழக்கறிஞர். 1965இல் அமைந்த அரசில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர். மகன் கொழும்பிலும், பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் சட்டம் பயின்றார். 1982இல் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையமும், சட்டத்தையும் சமூகத்தையும் ஆராயும் ஓர் அறக்கட்டளையும் தோன்றுவதற்கு முன்னின்றார். தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் 1983இல் பாராளுமன்றம் சென்றார். அவ்வாண்டே வந்த ஆறாவது அரசியலமைப்புத் திருத்தத்தால் கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். 1994இல் அவர் மீண்டும் உறுப்பினரானார்.

அவர் செய்த பெரும்பணி 1995இல் வெளியான அதிகாரப் பரவலாக்கல் யோசனைகள். பேராசிரியர் ஜி. எல். பீரிஸோடு சேர்ந்து அவற்றை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். ஒரே நாட்டிற்குள் எல்லா இனத்தாரும் கண்ணியத்தோடு வாழச் சட்டத்தில் இடம் தேடியவர் அவர். சிங்களவரில் ஒரு சாரார் நாட்டைப் பிரிக்கிறார் என்றனர்; தமிழரில் ஒரு சாரார் இனத்தை விற்கிறார் என்றனர். துரோகி என்னும் சொல் அவர்மீது வீசப்பட்டது. 1999 ஜூன் மாதம் பாராளுமன்றத்தில் பேசியபோது, மரணத்தைப் பெருமைப்படுத்தலாகாது, உயிரின் புனிதமே ஏனைய உரிமைகளுக்கெல்லாம் அடிப்படை என்னும் கருத்தை எடுத்துரைத்தார். அடுத்த மாதம், ஜூலை 29ஆம் நாள் காலை, கொழும்புத் தெருவில் அவர் காரில் சென்றுகொண்டிருக்கையில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவரால் கொல்லப்பட்டார். தமிழீழ விடுதலைப் புலிகள்மீதே அப்பழி சுமத்தப்பட்டது. அப்போது அவருக்கு வயது 55.

அவர் பெயரால் பின்னாளில் நீலன் திருச்செல்வம் அறக்கட்டளை உண்டாயிற்று. இலங்கையிலேயே அமைந்து, சமாதானத்திற்கும் நீதிக்கும் உழைக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கு மானியம் வழங்குவது அதன் வேலை. மறைந்தவரைக் கண்ணியப்படுத்த இது சிறந்த வழி என்றே நாம் கருதுகிறோம். மரணத்தைப் பெருமைப்படுத்தலாகாது என்று சொன்னவரின் மரணத்தையே பெருமைப்படுத்திக் கொண்டிருப்பது அவர் சொல்லுக்கு மாறு. கொல்லப்பட்டவர் என்பதால் அன்று, வாதாடியவர் என்பதால் அவரை நினைக்க வேண்டும். வாதாட வேண்டியவை இன்னும் இருக்கும்போது, அவ்வாதத்தை நடத்துவோருக்குத் துணை நிற்பதே அவரை நினைப்பது.

நம்மவர் அல்லாதவரா?

இங்கே நம் வாசகர் சிலர் மனத்தில் ஓர் ஐயம் எழலாம். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். அவரைப் பற்றி முஸ்லிம் சங்கத்தின் ஏட்டில் எழுதுவானேன் என்று கேட்கலாம். இதற்கு விடையை நாம் மக்காவில் தேட வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ இருபது வயதிருக்கும். நபித்துவம் இன்னும் வரவில்லை. யமன் நாட்டு ஸபீதிலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம் மக்காவின் பெரும்புள்ளியான ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தார். வந்தவருக்கு அவ்வூரில் குலமில்லை, கேட்பாரில்லை. அவர் அபூ குபைஸ் மலைமீது ஏறி நின்று தமக்கிழைத்த அநீதியை ஊரறிய முறையிட்டார். அதைக் கேட்டு வெட்கிய சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடினர். அநீதிக்குள்ளானவர் உள்ளூராரோ வெளியூராரோ, அவர் உரிமை அவரிடம் சேரும்வரை ஒன்றாய் நிற்போம் என்று உறுதி செய்தனர். ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் உடன்படிக்கை அதுவே. நாயகம் அதில் கலந்துகொண்டார்கள். பிற்காலத்தில், இஸ்லாம் வந்த பின்னும் அப்படியோர் அழைப்பு வந்தால் தாம் ஏற்பதாக அவர்கள் கூறியதைச் சீறா நூல்கள் பதிந்துள்ளன.

அவ்வீட்டில் கூடியவர்கள் ஓரிறைக் கொள்கையை ஏற்றவர்கள் அல்லர். எனினும் அவர்கள் செய்த நன்மையை நாயகம் மறக்கவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர்கள் கூட்டு நீதிக்காக அமைந்தது என்ற ஒன்றே போதுமானதாயிருந்தது. அந்த உம்மத்தினராகிய நாம், நீதிக்காக உயிரிழந்த ஒருவரை நினைக்குமுன் அவர் எந்தச் சமயத்தார் என்று விசாரிப்பது பொருந்துமா?

மனிதன் இறந்தால் அவன் செயல்கள் நின்றுவிடும், நிலையான தருமம், பயனுள்ள அறிவு, துஆச் செய்யும் நற்பிள்ளை ஆகிய மூன்றைத் தவிர என்னும் ஹதீஸை நாம் அறிவோம். முஸ்லிமல்லாதவர் பெயரால் நிதி வைத்தால் அதன் நன்மை அவருக்குச் சேருமா என்று கேட்பாரும் உண்டு. கணக்கேடு அல்லாஹ்விடம் இருக்கிறது. அதில் வரவு எழுதும் உத்தியோகம் நமக்குத் தரப்படவில்லை. இறந்தவருக்குச் சேரும் கூலி எவ்வளவு என்பதை அவனிடம் விட்டுவிட்டு, உயிரோடிருக்கும் நம்மீது உள்ள கடமை என்ன என்று பார்ப்பதே நமக்கு உரியது.

சோறா, வழக்கா?

இரண்டாவது தடை நல்லெண்ணத்திலிருந்தே வருவது. பசித்தவர் எத்தனையோ பேர் இருக்க, உரிமை, சட்டம், வழக்கு என்று பணத்தைச் செலவழிக்கலாமா என்பார்கள். இது இலேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. பசிக்கு முதலிடம் என்பதில் நமக்கும் ஐயமில்லை.

ஆயினும் அபூ குபைஸ் மலைமீது நின்ற வணிகரை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். அவர் சோறு கேட்கவில்லை. தம் பொருளின் விலையைக் கேட்டார். மக்காவாசிகள் அவருக்கு ஒரு வேளை விருந்தளித்து, வழிச்செலவும் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர்களுக்குத் தர்மவான்கள் என்ற பெயர் கிடைத்திருக்கும். ஆஸ் இப்னு வாயிலுக்குச் சரக்கு கிடைத்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யாமல் ஆஸிடம் சென்று விலையை வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவருடைய ஹக்கைப் பறித்தவரை விட்டுவிட்டு, பறிகொடுத்தவருக்கு ஸதக்கா அளிப்பது பல வேளைகளில் அநீதிக்கு நாம் செய்யும் உபகாரமாக முடியும்.

இந்தப் படிப்பினை நம் வாசலிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சையது ஆல்வி ரோடு முதல் ரேஸ் கோர்ஸ் ரோடு வரை திரளும் தமிழகத்து, வங்கதேசத்துத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் உழைத்துச் சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்புவோர். அவர்களிடையே சம்பளம் நின்றுபோனவரும், வேலையில் அடிபட்டு நட்ட ஈட்டிற்குக் காத்திருப்பவரும் உண்டு. 2001 டிசம்பரில் 19 வயது இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் எஜமானரின் கொடுமையால் உயிரிழந்தார். அம்மரணத்தால் நெஞ்சு கலங்கியவர்கள் கூடிச் செய்த முயற்சியிலிருந்தே டிடபிள்யூசி2 என்னும் அமைப்பு பிறந்தது. 2008இல் அவ்வமைப்பு கஃப் ரோட்டில், வேலையிழந்து வழக்கு முடியக் காத்திருக்கும் தொழிலாளருக்கு இலவச உணவு வழங்கத் தொடங்கிற்று.

இங்கே சோறும் வழக்கும் பகையாக நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் ஹக்கைக் கேட்டு நிற்பவர் பசியால் பணிந்துபோகாமல் இருக்கவே அந்தச் சோறு. 2017 ஏப்ரல் முதல் சம்பளக் கோரிக்கைகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் இந்நாட்டில் இயங்கி வருகிறது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அக்கதவு வரை செல்ல ஒருவருக்குப் பேருந்துக் கட்டணமும், படிவத்தை விளக்கிச் சொல்ல மொழி தெரிந்த ஒருவரும், முடிவு வரும்வரை தலைசாய்க்க ஓரிடமும் வேண்டும். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தவர்க்கு இதன் அவசியத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எதிரியின் வீட்டார் வந்தால்?

இனி மிகக் கடினமான கேள்விக்கு வருகிறோம். கொல்லப்பட்ட ஒருவரின் பெயரால் நிதி இருக்கிறது. அவரைக் கொன்றவர்களின் பக்கத்தைச் சேர்ந்த குடும்பமொன்று, தன் உரிமை பறிக்கப்பட்டதென்று அந்நிதியின் வாசலில் வந்து நிற்கிறது. கொடுக்கலாமா?

இது கற்பனைக் கேள்வி என்று எவரும் எண்ண வேண்டாம். இலங்கையில் 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு, காணாமற்போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். 2017 தொடக்கத்தில் கிளிநொச்சியில் அவர்கள் சாலையோரம் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கினர். அப்பிள்ளைகளில் இயக்கத்தில் இருந்தவரும் உண்டு, இல்லாதவரும் உண்டு. மகன் எங்கே என்று அறியும் உரிமை இரு வகைத் தாய்மார்க்கும் ஒன்றே.

நம் நெஞ்சைத் தொட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 அக்டோபரில் வட இலங்கையிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரமே அவகாசம் தரப்பட்டது. கையில் எடுத்துச் செல்லவும் தடை. தலைமுறை தலைமுறையாகத் தமிழே பேசி வாழ்ந்த மக்கள் புத்தளத்து முகாம்களில் தங்கள் பிள்ளைகளை வளர்த்தனர். அந்தக் காயம் தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நம் எல்லோருடைய காயம். ஆகவே கிளிநொச்சித் தாய்க்கு உதவுவோமா என்று கேட்டால் நம்மில் சிலரின் நாக்குத் தயங்கும். அத்தயக்கத்தை நாம் பழிக்கவில்லை. அது மனித இயல்பு.

ஆனால் ஒரு கூட்டத்தார்மீது உள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் நமக்கு இடும் கட்டளை. பகை இல்லாதபோது நீதி செய்வதற்குக் கட்டளை தேவையில்லை. பகை உள்ள இடத்திற்காகவே அக்கட்டளை இறங்கிற்று. நம் உரிமை பறிபோனதென்று 1990ஐச் சுட்டிக்காட்ட நமக்கு வாயிருக்க வேண்டுமானால், அடுத்தவர் உரிமை பறிபோகும்போதும் அதே வாய் திறக்க வேண்டும். உரிமை என்பது நமக்கு வேண்டியவருக்கு மட்டும் உரியதானால் அதற்குச் சலுகை என்று பெயர். சலுகைக்காக எவரும் உயிரைக் கொடுப்பதில்லை.

ஆதலால் நம் முடிவு இது: கொல்லப்பட்டவரின் நிதி, கொன்றவர் பக்கத்துத் தாய்க்கும் திறந்திருக்க வேண்டும். கொலையை மன்னிப்பதாக இதற்குப் பொருளில்லை. குற்றம் புரிந்தவர் நீதிமன்றத்தில் விடை சொல்லட்டும். தாய்க்குரிய ஹக்கோ அவர் குற்றத்தோடு புதைக்கப்படக்கூடாது. இதைச் செய்யத் துணியாத நிதி, அவர் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு அவர் கொள்கையை வெளியே நிறுத்தியதாகும்.

முதவல்லியின் பொறுப்பு

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் நல்ல நிலம் கிடைத்தது. அதை என்ன செய்யலாம் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து விளைவைத் தருமம் செய்யுமாறு யோசனை கூறப்பட்டது. விற்பதில்லை, பரிசளிப்பதில்லை, வாரிசுக்குச் செல்வதில்லை என்ற நிபந்தனையோடு அது ஏழைகளுக்கும், உறவினர்க்கும், அடிமைகளை விடுவிப்பதற்கும், வழிப்போக்கர்க்கும் உரியதாயிற்று. அடிமையின் விடுதலையும் வழிப்போக்கரின் நலமும் தொடக்க கால வக்ஃபிலேயே இடம்பெற்றிருப்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வக்ஃபில் கொடுத்தவரின் நிய்யத்தே சட்டம் என்பர். உரிமைக்காக உழைத்து மாண்டவர் பெரும்பாலும் சாசனம் எழுதி வைத்துச் செல்வதில்லை. அவர் வாழ்க்கையே சாசனம். ஆகவே அவர் பெயரால் நிதி நடத்துவோர், நமக்கு எது வசதி என்று பாராமல், அவர் இருந்திருந்தால் இப்பணத்தை எதற்குத் தருவார் என்று பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

இங்கேதான் பெரிய சறுக்கல் நேர்கிறது. நாள் செல்லச் செல்ல நிதியை நடத்துவோர் எவரும் கோபிக்காத காரியங்களையே நாடத் தொடங்குவர். கட்டுரைப் போட்டி, கோப்பை, விருந்து என்று செலவு ஓடும். இவற்றில் தவறில்லை, ஆனால் இவற்றுக்காக அவர் கொல்லப்படவில்லையே!

இந்தோனேசியாவின் முனீர் சயீத் தாலிப் என்னும் முஸ்லிம் வழக்கறிஞரை எடுத்துக்கொள்வோம். காணாமற்போனவர்களுக்காகவும் வன்முறைக்கு ஆளானவர்களுக்காகவும் 1998இல் கொண்ட்ராஸ் என்னும் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். 2004 செப்டம்பர் 6ஆம் நாள் இரவு ஜகார்த்தாவிலிருந்து விமானமேறி, நம் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிப் பயணம் தொடர்ந்தார். 7ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் சேருமுன் வானிலேயே உயிர் பிரிந்தது. உடலில் ஆர்சனிக் நஞ்சு இருந்ததை நெதர்லாந்தில் நடந்த பரிசோதனை காட்டிற்று. அவருக்கு வயது 38. அவர் மனைவி சுச்சிவாத்தி அம்மையார், நண்பர்களோடு சேர்ந்து 2013 டிசம்பரில் பாத்து நகரில் அவர்கள் வாழ்ந்த வீட்டையே மனித உரிமைக் காட்சியகமாகத் திறந்தார். அங்கே முனீரின் கதையோடு, அவர் யாருக்காக வாதாடினாரோ அவர்களின் கதையும் சொல்லப்படுகிறது. கணவரின் புகழை விட அவர் எடுத்த வழக்குகளைப் பெரிதாக மதித்த நினைவு அது. விதவையின் துயரத்திலும் அந்தத் தெளிவு இருந்ததென்றால், வசதியாக அமர்ந்து நிதி நடத்துவோருக்கு அது இல்லாமற்போவது நியாயமா?

இன்னும் இரண்டு செய்திகள். ஒன்று, வாங்குபவரின் மானம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் தருமத்தைப் பாழாக்க வேண்டாம் என்று இறைமறை எச்சரிக்கிறது. மேடைக்கு அழைத்து, காசோலையோடு படம் பிடித்து, நன்றியுரை நிகழ்த்தச் சொல்வது சாதாரண உதவியிலேயே சரியில்லை. தன் கண்ணியத்தை மீட்க வந்தவரிடம் அப்படிச் செய்வது முற்றிலும் தகாது. மற்றொன்று, கணக்கு. நிதி என்பது அமானத்து. ஒவ்வொரு வெள்ளியும் எங்கே சென்றதென்று ஆண்டுதோறும் எழுதி வைப்பவரே இறந்தவரின் பெயரைக் காப்பவர். இந்நாட்டில் 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் வக்ஃபுகளை முயிஸின் பொறுப்பில் வைத்ததும், அமானத்து கேட்பாரற்றுப் போகக்கூடாது என்னும் கருத்தாலேயே அன்றோ?

நாம் செய்யத்தக்கது

உரிமைக்காகப் பேசுவது நமக்கு அந்நியமான காரியமென்று சிலர் நினைக்கின்றனர். அது சரியன்று. 1952இல் இந்நாட்டு முஸ்லிம் பெண்கள் 22 பேர் கூடி இளம் முஸ்லிம் மாதர் சங்கத்தைத் தொடங்கினர். தலாக்கால் கைவிடப்பட்ட பெண்களின் கண்ணீர் அவர்களைப் பேச வைத்தது. 1957இல் முஸ்லிம் சட்டம் வந்ததும், 1958இல் ஷரீஅத் நீதிமன்றம் அமைந்ததும் அப்பேச்சுக்குப் பின் வந்தவை. அன்று அவர்களைக் குறைகூறியோரின் பேரப்பிள்ளைகள் இன்று அந்நீதிமன்றத்தின் பயனைத் துய்க்கிறார்கள். நன்மை வேரூன்றிய பின் அதை எல்லோரும் தமதென்பர். நடும்போது தண்ணீர் ஊற்றியவர் சிலரே.

ஆகவே நம் சங்கங்கள் மறைந்தோர் பெயரால் நிதி வைக்க எண்ணும்போது ஒரு பங்கையேனும் ஹக்குக்காக ஒதுக்கலாம். சம்பளம் வராத தொழிலாளிக்கு மொழிபெயர்ப்பாளர், ஜீவனாம்சம் கேட்கும் பெண்ணுக்கு வழிச்செலவு, படிவம் நிரப்பத் தெரியாத முதியவருக்கு அரை நாள் துணை: தொகை சிறிதாயினும் இவை அப்பணியைச் சேர்ந்தவையே. பெரிய பெயரும் தேவையில்லை. பெரிய மண்டபமும் தேவையில்லை. கேட்டு வருபவர் எந்த மொழி, எந்தச் சமயம், நம்மோடு எந்தப் பகை என்று விசாரிக்காத மனம் ஒன்று வேண்டும்.

சீதக்காதியின் கையை மண்ணுக்குள் தேடுவாரும் இருக்கட்டும். அது நம் தோளில் இருக்கிறது. நீலனும் முனீரும் முடிக்காமல் விட்ட வழக்குகள் பல இன்னும் விசாரணைக்கே வரவில்லை. அநீதிக்குள்ளான வழிப்போக்கரின் குரல் மலைமீதிருந்து கேட்கும்போது எழுந்து செல்லும் கூட்டத்தில் அல்லாஹுத் தஆலா நம்மையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.